பிள்ளைக்குக் காது வலி, நடுக்காதுத் தொற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு ஒன்றரை வயதில் ஆரம்பித்த காது வலி, நான்கு வயது வரை விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டரை வருடத்தில் நான் மருத்துவர்களிடம் கேட்ட கேள்விகள், அப்புறம் இதே கஷ்டத்தில் இருந்த மற்ற பெற்றோர் என்னிடம் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பிள்ளையின் காதைக் கருவி வைத்துப் பார்த்த மருத்துவர் சொல்வதுதான் முடிவு. ஆனால் அவர் சொல்வது புரியவும், அவரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரியவும் இது உதவும்.

நடுக்காது என்பது எது? சளி பிடித்தால் காது ஏன் வலிக்கிறது?

வெளியே தெரியும் காதுத் துவாரத்தின் முடிவில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, அதுதான் செவிப்பறை. அதற்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் நடுக்காது. அங்கே மூன்று குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்து நிற்கின்றன, சவ்வில் படும் அதிர்வை உள்காதுக்குக் கடத்துவது அவைதான். அந்த அறையில் எப்போதும் காற்று இருக்க வேண்டும். அந்தக் காற்று வருவது வெளிக்காது வழியாக அல்ல, மூக்கின் பின்பக்கத்திலிருந்து வரும் ஒரு மெல்லிய குழாய் வழியாக. யூஸ்டேசியன் குழல் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரிலிருந்து வந்தது. சாதாரணமாக மூடியிருக்கும் அந்தக் குழாய், நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறந்து மூடும். மலைப்பாதையில் போகும்போது காது அடைத்து, எச்சில் விழுங்கியதும் 'டப்' என்று திறக்கிறதே, அது இந்தக் குழாய் திறப்பதுதான்.

சளி பிடித்தால் மூக்கின் உள்தோல் வீங்குவது போலவே இந்தக் குழாயின் உள்தோலும் வீங்கி அடைத்துக்கொள்ளும். அறைக்குள் இருந்த காற்றைச் சுற்றியுள்ள திசு மெல்ல உறிஞ்சிவிட, உள்ளே அழுத்தம் குறைந்து நீர் கசிந்து தேங்கும். மூக்கின் பின்புறத்தில் இருந்த கிருமி அந்த நீருக்குள் ஏறிப் பெருகினால் அது சீழாக மாறும், சவ்வு வெளியே புடைத்து விம்மும். அந்த விம்மல்தான் பிள்ளையை அலற வைக்கிறது. அதனால்தான் பெரும்பாலும் சளி ஆரம்பித்து ஓரிரு நாள் கழித்துக் காது வலி வருகிறது.

பெரியவர்களுக்கும்தான் சளி பிடிக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

குழாயின் அமைப்புதான் காரணம். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 35 மில்லிமீட்டர் நீளம், நல்ல சரிவாக இருக்கும். கைக்குழந்தைக்கு அதில் பாதி நீளம்தான், அதுவும் ஏறக்குறைய படுக்கை வாக்கில். வடியவும் வடியாது, கிருமி ஏறுவதும் சுலபம். குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே அடினாய்டு என்ற சதை வேறு இருக்கிறது, சின்ன வயதில் அது பெரிதாக இருக்கும், வீங்கினால் வாயை அடைக்கும், இல்லாவிட்டால் கிருமிகளுக்குத் தங்குமிடமாகும். எதிர்ப்புச் சக்தியும் அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. 6 மாதத்திலிருந்து 2 வயது வரைதான் இது மிக அதிகம். வளர வளரக் குழாய் நீண்டு சரிந்து, ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

தலைக்கு ஊற்றும்போது காதில் தண்ணீர் போனதால்தான் வந்ததா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா கிடையாது, கேட்கும்போதே குரலில் குற்ற உணர்ச்சி இருக்கும். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: செவிப்பறை முழுதாக இருக்கும் காதில், வெளியிலிருந்து போகும் தண்ணீர் நடுக்காதுக்குப் போக வழியே இல்லை. குளிர்காற்று பட்டதாலோ காதில் அழுக்கு சேர்ந்ததாலோ கூட நடுக்காதில் தொற்று வராது.

தண்ணீரால் வருவது வேறு நோய், வெளிக்காதுத் துவாரத்தின் தோலில் வரும் தொற்று. நீச்சல் அடிப்பவர்களுக்கு வருவது அது. ஓரளவுக்கு வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி: காதுத் துவாரத்தின் முன்னால் கன்னத்தை ஒட்டி ஒரு சின்னக் குருத்தெலும்பு மேடு இருக்கிறதல்லவா, அதை அழுத்தினாலோ காது மடலை இழுத்தாலோ பிள்ளை துடித்தால் பெரும்பாலும் வெளிக்காது. தொட்டால் வலிக்கவில்லை, ஆனால் உள்ளே குடைகிறது, கூடவே சளியும் காய்ச்சலும் என்றால் நடுக்காதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல உள்ளே பார்த்தே ஆக வேண்டும்.

எந்தக் கிருமி?

சளியை உண்டாக்கும் வைரஸ்கள்தான் முதலில் வழி திறந்துவிடுகின்றன. அப்புறம் பாக்டீரியா சேர்ந்துகொள்ளும்: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா, மொராக்ஸெல்லா என்ற மூன்றும்தான் முக்கியமானவை. சில சமயம் வைரஸ் மட்டுமே இருக்கும், அப்போது ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

காது வலி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா?

காதுத் தொற்று ஒட்டாது, அதற்கு முன்னால் வந்த சளி ஒட்டும். காய்ச்சல் விட்டு, பிள்ளை நன்றாக விளையாடினால் பள்ளிக்கு அனுப்பலாம்.

சில பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மாற்ற முடியாத காரணங்கள் சில: அப்பா அம்மாவுக்கோ அண்ணன் அக்காவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் இந்தப் பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும் குழாயைத் திறக்கும் தசைகள் சரியாக வேலை செய்யாததால் மிக அதிகமாக வரும், அவர்களுக்கு வலி இல்லாவிட்டாலும் காதை முறையாகச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் தொற்று 6 மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டால், பின்னால் அடிக்கடி வரலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. பல குழந்தைகள் சேர்ந்திருக்கும் காப்பகத்துக்குப் போவதும் பெரிய காரணம், ஏனென்றால் அங்கே மாதத்துக்கு ஒரு சளி நிச்சயம். ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோரிடம் "காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை, முடிந்தால் பிள்ளைகள் எண்ணிக்கை குறைவாக இருக்கும் இடமாகப் பாருங்கள்.

நம் கையில் இருப்பவற்றில் முதலாவது புகை. வீட்டுக்குள் யாராவது சிகரெட் பிடித்தால் அந்தப் புகை குழாயின் உள்தோலில் இருக்கும் நுண்ணிய மயிர்களை முடக்குகிறது, அவைதான் சளியைத் தள்ளிக்கொண்டு போய் வெளியேற்றுபவை. பால்கனியில் நின்று பிடித்துவிட்டு உள்ளே வருகிறேன் என்பவர்கள் சட்டையிலும் தலைமுடியிலும் மிச்சத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பிள்ளைக்காக ஒரே ஒரு விஷயம் செய்ய முடியும் என்று அப்பா கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வீட்டுக்குள் நிறையும் அடுப்புப் புகையும் நல்லதல்ல.

அடுத்தது பால் கொடுக்கும் விதம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் காதுத் தொற்று குறைவு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க முடிந்தால் நல்லது. புட்டிப்பால்தான் என்றால் அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது, ஆனால் மல்லாக்கப் படுத்தபடி புட்டியை வாயில் வைத்துவிட்டுத் தூங்க விடாதீர்கள், பால் பின்பக்கமாக அந்தக் குழாய்க்குள் போக வழி உண்டு. தலையைத் தூக்கி, மடியில் சாய்த்துக் கொடுங்கள். வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் நிப்பிளை 6 மாதத்துக்குப் பிறகு குறைத்துவிடுவதும் பலன் தருகிறது.

பேசத் தெரியாத குழந்தைக்குக் காதுதான் வலிக்கிறது என்று எப்படித் தெரியும்?

காதை இழுக்கிறது, பிடித்துக்கொள்கிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தூக்கம் வந்தாலும், பல் முளைத்தாலும், சும்மாவேகூட குழந்தைகள் காதை இழுப்பார்கள். நான் கவனித்தது வேறு. என் மகளைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடந்தால் விசும்பல் அடங்கும், தொட்டிலில் சாய்த்த அடுத்த நிமிடம் வீறிடுவாள். படுத்தால் காதுக்குள் அழுத்தம் கூடுகிறது. பால் குடிக்க ஆவலாக வாயை வைப்பாள், நாலு முறை உறிஞ்சியதும் தலையைத் திருப்பிக்கொண்டு அழுவாள். உறிஞ்சி விழுங்கும்போது உள்ளே அழுத்தம் மாறுவதால் அப்படி. பசி இருக்கிறது, குடிக்க முடியவில்லை.

இதோடு காய்ச்சல், இரண்டு மூன்று நாளாகச் சளி, இரவில் திடீரென்று எழுந்து அழுவது, சில பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று எல்லாம் சேர்ந்து வந்தால் காதைக் காட்டிவிடுங்கள்.

காலையில் தலையணையில் மஞ்சளாகச் சீழ். ஆனால் பிள்ளை சிரித்து விளையாடுகிறது. என்ன ஆச்சு?

அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் ஒரு சின்ன ஓட்டை விழுந்து சீழ் வடிந்துவிட்டது. அழுத்தம் போனதும் வலியும் போய்விட்டது. முதல் தடவை பார்க்கும்போது நெஞ்சு பதறும், எனக்கும் பதறியது. தலையணை உறையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம், ஓரத்தில் காய்ந்த மஞ்சள் பொருக்கு, காதோர முடி ஒட்டிக்கொண்டு கிடந்தது. இப்படி விழும் ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிவிடும், நிரந்தரச் செவிடு ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். சீழ் வரும் காதுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும், ஓட்டை மூடிவிட்டதா என்று பின்னால் பார்க்கவும் வேண்டும். அதுவரை காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளிக்கும்போது பஞ்சில் கொஞ்சம் வாசலின் தடவித் துவாரத்தின் வாயில் வைத்தால் போதும். வெளியே வழிவதை மட்டும் சுத்தமான துணியால் துடையுங்கள், உள்ளே எதையும் விட்டுக் குடைய வேண்டாம்.

மருத்துவர் காதுக்குள் என்ன பார்க்கிறார்?

ஓட்டோஸ்கோப் என்ற விளக்கு வைத்த கருவியால் செவிப்பறையைப் பார்க்கிறார். நல்ல காதில் அது முத்துச்சிப்பி போலச் சாம்பல் வெள்ளையாக, பளபளப்பாக, ஓரளவு ஊடுருவித் தெரியும். தொற்று இருந்தால் வெளியே புடைத்திருக்கும். சிவப்பாக இருப்பது மட்டும் போதாது, ஓவென்று அழுத பிள்ளைக்கும் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்கும் செவிப்பறை சிவந்துதான் இருக்கும். புடைப்புதான் முக்கியம். அதனால் "சிவந்திருக்கிறது" என்று சொன்னால் "புடைத்திருக்கிறதா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள், தப்பில்லை. காற்றை மெல்ல ஊதிச் சவ்வு அசைகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு, டிம்பனோமெட்ரி என்ற சோதனையும் உண்டு. பின்னால் நீர் இருந்தால் சவ்வு அசையாது.

ராத்திரி 2 மணி, பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் வலிக்கு மருந்து. ஆன்டிபயாடிக் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முதல் நாளில் பிள்ளைக்கு நிம்மதி தருவது வலி மருந்துதான், பலரும் அதை ஏதோ இரண்டாம்பட்சம் போல நினைக்கிறார்கள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 100 முதல் 150 மி.கி. என்று வரும். 4 முதல் 6 மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சிரப்கள் பல வீரியத்தில் வருவதால் 5 மில்லியில் எத்தனை மி.கி. என்று பாட்டில் மேல் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அளக்க வேண்டும், போன தடவை இவ்வளவு கொடுத்தோம் என்று கைக்கணக்கில் ஊற்றக் கூடாது. 6 மாதத்துக்கு மேல் ஆன பிள்ளைக்கு இப்யூபுரூஃபனும் கொடுக்கலாம், ஆனால் வாந்தி பேதியால் உடம்பில் நீர் வற்றியிருந்தாலோ சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ வேண்டாம். சளி மருந்து, காய்ச்சல் மருந்து என்று வாங்கி வைத்திருக்கும் கலவை சிரப்பிலும் பாராசிட்டமால் இருக்கலாம், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிவிடும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது, ரேய்ஸ் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான கல்லீரல், மூளைப் பாதிப்பு வரலாம்.

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால் வீட்டில் மருந்து கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்கும் சூட்டில் ஒரு துணியைக் காதின் மேல் வைப்பது சில பிள்ளைகளுக்கு இதமாக இருக்கும்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா, வேண்டாமா?

பெற்றோரை அதிகம் குழப்புவது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஆன்டிபயாடிக் கொடுக்காமல் விட்ட பிள்ளைகளிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் வலி நின்றுவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலான தொற்றுகளை உடம்பே சமாளித்துவிடும். மறுபக்கம், ஆன்டிபயாடிக் எடுக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய 14 பேரில் ஒருவருக்கு அந்த மருந்தாலேயே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தோலில் தடிப்போ வருகிறது. தேவையில்லாமல் எடுக்க எடுக்கக் கிருமிகளும் மருந்துக்கு மசியாமல் பழகிக்கொள்ளும்.

அதற்காக எல்லாருக்கும் காத்திருக்கலாம் என்று இல்லை. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் உடனே ஆன்டிபயாடிக். காதிலிருந்து சீழ் வந்தால் உடனே. 39 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கடுமையான வலி, இரண்டு நாளாக விடாத வலி என்றாலும் உடனே. 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இரண்டு காதிலும் தொற்று என்றாலும் அப்படித்தான். மற்றபடி, 6 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் ஒரே காதில் லேசான தொற்று, அல்லது 2 வயதுக்கு மேல் ஒரு காதோ இரண்டு காதோ லேசான தொற்று என்றால், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் கவனித்துப் பார்க்கலாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

இங்கே ஒன்று. கவனித்துப் பார்ப்பது வேறு, கண்டுகொள்ளாமல் விடுவது வேறு. இந்த மூன்று நாளில் மோசமானால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தால்தான் அது சரியான காத்திருப்பு. சில மருத்துவர்கள் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து "ரெண்டு நாளில் குறையவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்" என்பார்கள், எனக்கு அந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது.

கொடுப்பது என்று ஆனால் பெரும்பாலும் முதலில் அமாக்ஸிசிலின்தான். கடந்த 30 நாளில் ஏற்கெனவே அதை எடுத்திருந்தாலோ, கூடவே கண்ணிலும் சீழ் வந்திருந்தாலோ கிளாவுலனேட் சேர்ந்த அமாக்ஸிசிலின் தருவார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் மறக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு நாளில் சரியாகிவிட்டது, மருந்தை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழக்கமாக 10 நாள், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 5 முதல் 7 நாள் என்று வயதைப் பார்த்தும் தீவிரத்தைப் பார்த்தும்தான் எழுதுகிறார்கள். வீட்டு ஸ்பூனில் அளக்காதீர்கள், ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. மருந்தோடு வரும் சிரிஞ்சையோ அளவு மூடியையோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் தண்ணியாகவும் கடைசி நாள் கெட்டியாகவும்தான் போகும். மிச்சத்தை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைக்கவும் கூடாது.

மாறாக, மருந்து ஆரம்பித்து 48 முதல் 72 மணி நேரம் ஆகியும் காய்ச்சலும் வலியும் குறையவில்லை என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

காதில் எண்ணெய் விடலாமா? சொட்டு மருந்து?

எண்ணெய் வேண்டாம். செவிப்பறை மூடியிருந்தால் அது நடுக்காதுக்குப் போய்ச் சேரவே போவதில்லை, ஓட்டை இருந்தால் போகக் கூடாத இடத்துக்குப் போய்ச் சேரும். சூடாக விட்டுத் தோல் வெந்துபோன பிள்ளைகளும் உண்டு. பாட்டி சொல்வதை மறுப்பது சங்கடம்தான், "டாக்டர் எதுவும் விடக் கூடாது என்றார் பாட்டி" என்று என்மேல் பழி போடாமல் டாக்டர்மேல் போட்டுத்தான் நான் சமாளித்தேன். காதில் மெழுகுத்திரி வைத்து உறிஞ்சுவதும் பலனில்லாதது, தீக்காயம்தான் மிச்சம். பட்ஸும் வேண்டாம்.

சொட்டு மருந்தையும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஜென்டமைசின், நியோமைசின் போன்றவை சேர்ந்த சில சொட்டு மருந்துகள், செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது உள்காதின் கேட்கும் திறனையே பாதிக்கக்கூடியவை.

மூக்கடைப்பு மருந்து, அலர்ஜி மருந்து கொடுத்தால் காது சீக்கிரம் சரியாகுமா?

ஆகாது. பல ஆய்வுகள் பார்த்துவிட்டன. தூக்கமும் பக்கவிளைவும்தான் வரும்.

வலி போய் மூன்று வாரம் ஆகிறது, ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பிடிவாதமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொற்று ஆறிய பிறகும் நடுக்காதில் நீர் தங்கியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தாலும் சுமார் 40 சதவீதம் பிள்ளைகளுக்கு நீர் இருக்கும், 3 மாதம் கழித்து 10 முதல் 25 சதவீதம் பேருக்கு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. சிலருக்கு அந்த நீர் கோந்து போலக் கெட்டியாகிவிடும். அப்போது கேட்கும் திறன் 20 முதல் 30 டெசிபல் வரை குறையலாம், இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அப்படி.

எங்கள் வீட்டில் நடந்தது இது. மூன்றரை வயதில் அவளை "சொன்ன பேச்சே கேட்பதில்லை", "காதிலேயே வாங்குவதில்லை" என்று எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தோம். பள்ளியிலும் கவனம் இல்லை என்றார்கள். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள். 'தட்டு' என்பதைத் 'தத்து' என்பாள், மழலை என்று ரசித்தோம். ஒரு நாள் அவளுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் "சாக்லேட் வேணுமா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து அதே குரலில் கேட்டதும் என் வாயைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அவள் காதில் வாங்கவில்லை என்று நாங்கள் திட்டியது அத்தனையும் உண்மை, வாங்க முடியாமல்தான் இருந்திருக்கிறாள். அதை நினைத்தால் இன்றும் தாங்கவில்லை.

அதனால், மூன்று மாதம் நீர் வடிகிறதா என்று பார்ப்பார்கள், பெரும்பாலும் வடிந்துவிடும். அதற்குள் ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ கொடுத்து அவசரப்படுத்துவதால் நிலையான பலன் இல்லை. 3 மாதத்துக்கு மேலும் இருந்தால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். பேச்சு ஏற்கெனவே தாமதமாக இருக்கும் பிள்ளை, அண்ணப்பிளவு உள்ள பிள்ளை, பார்வைக் குறை உள்ள பிள்ளை என்றால் மூன்று மாதமே காத்திருக்க வேண்டாம். இடையில் முகத்துக்கு நேராக, அருகில் வந்து பேசுங்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி ஆசிரியரிடம் காரணத்தையும் சொல்லுங்கள்.

கிராமெட் வைக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

கிராமெட் என்பது அரிசி மணியைவிடச் சின்ன, நடுவில் துளையுள்ள ஒரு வளையம். செவிப்பறையில் நுண்ணிய கீறல் போட்டு உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் கீறலில் இதைப் பொருத்துவார்கள். வேலை செய்யாத குழாய்க்குப் பதிலாக இந்தத் துளை வழியே காற்று போகும். பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்வார்கள், சில நிமிட வேலைதான், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். 6 முதல் 18 மாதத்துக்குள் தானாகவே வெளியே தள்ளப்பட்டு விழும், துளையும் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாமல் போகலாம், சிலருக்குச் செவிப்பறையில் தழும்பு விழலாம், இதையும் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

நீர் 3 மாதத்துக்கு மேல் தங்கிக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்வார்கள். 6 மாதத்தில் 3 முறையோ, ஒரு வருடத்தில் 4 முறையோ தொற்று வந்து, நீரும் தங்கியிருந்தால் அப்போதும் யோசிப்பார்கள். அடினாய்டை எடுப்பது 4 வயதுக்கு மேல், அல்லது மூக்கடைப்பு, குறட்டை என்று அதற்கே தனிக் காரணம் இருந்தால்.

என் மகளுக்கு வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று மாலை மிக்ஸி ஓடியதும் காதைப் பொத்திக்கொண்டு "சத்தம், சத்தம்" என்று கத்தினாள். அந்த மிக்ஸி ஒரு வருடமாக அதே சமையலறையில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

மாதக்கணக்கில் காது ஒழுகுகிறது, வலியே இல்லை. விட்டுவிடலாமா?

கூடாது. செவிப்பறை ஓட்டை மூடாமல், இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வந்துகொண்டிருந்தால் அது நாள்பட்ட தொற்று. வலி இல்லாததாலேயே வருடக்கணக்கில் இதோடு வாழ்பவர்கள் உண்டு, கேட்கும் திறன் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு மாத்திரையைவிட, காதைச் சுத்தம் செய்துவிட்டு நேரடியாக விடும் சிப்ரோஃபிளாக்சசின் போன்ற சொட்டு மருந்து நன்றாக வேலை செய்கிறது. விடும் முன் பாட்டிலை உள்ளங்கையில் ஓரிரு நிமிடம் பொத்தி வைத்துக் குளிர் போக்குங்கள், சில்லென்று விட்டால் தலை சுற்றும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துவாரத்தின் முன் இருக்கும் அந்தச் சின்ன மேட்டை நாலைந்து முறை அழுத்திவிட்டால் மருந்து உள்ளே இறங்கும். ஓட்டை மூடவே இல்லையென்றால் அறுவை சிகிச்சையில் மூடலாம்.

சீழ் நாற்றமடித்தால் கட்டாயம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கொலஸ்டியோட்டோமா என்று ஒன்று உண்டு, தோல் செல்கள் நடுக்காதில் மூட்டையாகச் சேர்ந்து எலும்பையே அரிக்கும். அதற்கு மருந்து கிடையாது, அறுவை சிகிச்சைதான்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால். இது பின்னெலும்பில் சீழ் பரவியதன் அறிகுறி. முகம் ஒரு பக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், கடும் தலைவலியோடு வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், நிற்க முடியாமல் தலை சுற்றினால். இவை அரிதுதான், ஆனால் மூளைக்கும் நடுக்காதுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய எலும்புத் தகடு, அதனால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கும் வருமா?

வரும், குறைவாக. சிகிச்சை ஏறக்குறைய அதேதான். ஆனால் சளி எதுவும் இல்லாமல், ஒரு காதில் மட்டும் நீர் தங்கி வாரக்கணக்கில் அடைத்தபடியே இருந்தால் மூக்கின் பின்புறத்தை மருத்துவர் கருவி விட்டுப் பார்க்க வேண்டும். அரிதாக அங்கே ஒரு கட்டி குழாயின் வாயை அடைத்திருக்கலாம்.

காதில் தொற்று இருக்கும்போது விமானத்தில் போகலாமா?

முடிந்தால் தள்ளிப் போடுங்கள், போயே ஆக வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். விமானம் இறங்கும்போதுதான் வலி அதிகம், அப்போது குழந்தைக்குப் பால் கொடுங்கள், பெரிய பிள்ளைக்கு ஏதாவது மெல்லக் கொடுங்கள், தூங்க விடாதீர்கள். சீழ் வடிந்து ஓட்டை உள்ள காதிலும் கிராமெட் உள்ள காதிலும் அந்த அழுத்த வலி வராது.

தடுப்பூசி இருக்கிறதா?

காதுக்கென்று தனியாக இல்லை. ஆனால் நிமோகாக்கஸ் தடுப்பூசி அந்தக் கிருமியால் வரும் தொற்றைக் குறைக்கிறது, ஃபுளூ தடுப்பூசி சளிக்காய்ச்சலைத் தடுத்து மறைமுகமாக உதவுகிறது. தட்டம்மை வந்த பிள்ளைகளில் சுமார் 10 பேரில் ஒருவருக்குக் காதுத் தொற்றும் வருகிறது, அதனால் அந்த ஊசியையும் விடாதீர்கள். கை கழுவும் பழக்கம் சளியைக் குறைக்கும், சளி குறைந்தால் இதுவும் குறையும்.

எல்லாம் சரியாகிவிட்டது. திரும்பப் போய்க் காட்ட வேண்டுமா?

ஆமாம், முக்கியமாக 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றாலும், பேச்சு தாமதம் என்றாலும், சீழ் வந்து ஓட்டை விழுந்திருந்தாலும். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு முறை போய், "நீர் முழுக்க வடிந்துவிட்டதா, ஓட்டை மூடிவிட்டதா, கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டுமா?" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். அதுவரை வாரம் ஒரு தடவை, பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது பின்னால் நாலைந்தடி தள்ளி நின்று, கால் சத்தம் கேட்காமல், முகம் தெரியாமல், சாதாரணக் குரலைவிடச் சற்றுத் தாழ்வாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவை திரும்பாவிட்டால் விளையாட்டு மும்முரமாக இருக்கலாம். மூன்று வாரமும் திரும்பாவிட்டால் தேதி குறித்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.